மியூசியம் லெக்சர்: உள்ளூர் வரலாறா, உலக கலாச்சாரமா, எதுக்கு போறது?

நீங்க கேட்டது இதுதான். எழும்பூர் மியூசியம் மாதிரி இடங்கள்ல நடக்குற லெக்சருக்கு வரலாறு படிக்காத ஒருத்தர் போனா ஏதாவது புரியுமா, உள்ளூர் வரலாறுன்னு ஒரு வரிசை, உலக கலாச்சாரங்கள்னு ஒரு வரிசைன்னு தனித்தனியா போடுறாங்களே அதுல எதுல ஆரம்பிக்கலாம், காலேஜ் படிக்கிற பொண்ணையும் கூட்டிட்டு போனா அவளுக்கு போர் அடிக்குமா.

போங்க, புரியும். ஆனா உள்ளூரா உலகமான்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த பிரிவினை நோட்டீஸ் அடிக்கிறவங்க வசதிக்கு போட்டது, அவ்ளோதான். பேச வர்றவர் ஒரு குறிப்பிட்ட பொருளை கையில வெச்சுக்கிட்டு பேசுறாரா, இல்ல தமிழர் பண்பாடும் உலக நாகரிகமும்னு வானத்தை அளக்குற மாதிரி ஒரு தலைப்பு வெச்சிருக்காரான்னு மட்டும் பாருங்க. ஒரு சிலை, ஒரு காசு புதையல், ஒரு செப்பேடு, ஒரு கல் கோடாரின்னு இருந்தா கண்ணை மூடிட்டு போகலாம். அகலமான தலைப்புன்னா பேசுறவர் யாருன்னு விசாரிச்சுட்டு போங்க, ஏன்னா அந்த மாதிரி கூட்டத்துல வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடியவே அரை மணி நேரம் ஆகும், அதுக்கு மேல விஷயம்னு பாத்தா கல் தோன்றி மண் தோன்றான்னு ஆரம்பிச்சு அங்கயே நின்னுடும்.

பொருளை பிடிச்சா உள்ளூர் எப்படி உலகத்துக்கு போகுதுன்னு சொல்றேன், எழும்பூர்லயே இருக்குற நாகப்பட்டினம் புத்தர் சிலைகளை எடுத்துக்கோங்க. வெண்கல கேலரிக்கு போறவங்க முக்கால்வாசி பேர் நடராஜரை பாத்துட்டு, திருவெண்காடு அர்த்தநாரியை பாத்துட்டு, போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. இந்த புத்தர்கள் முன்னாடி நிக்கிறவங்க கம்மி. நின்னு பாருங்க, தலைமுடி சின்ன சின்ன சுருளா இருக்கும், உச்சந்தலைக்கு மேல நெருப்பு ஜுவாலை மாதிரி ஒண்ணு எழும்பி நிக்கும், சிலதுக்கு பின்னாடி நம்ம உற்சவ மூர்த்திக்கு இருக்குற மாதிரியே திருவாசி. லேபிள்ல புத்தர், நாகப்பட்டினம், நூற்றாண்டுன்னு ரெண்டு வரி தான் இருக்கும். அந்த ரெண்டு வரிக்கு பின்னாடி இருக்குற கதையை சொல்லத்தான் லெக்சர்.

நாகப்பட்டினத்துல 1856-ல ஆரம்பிச்சு 1930கள் வரைக்கும் வெவ்வேறு சமயத்துல மண்ணுக்குள்ள இருந்து சுமார் 350 பௌத்த படிமங்கள் வந்துச்சு. அங்க கடலோரமா செங்கல்லுல கட்டின ஒரு பழைய கோபுரம் நின்னுட்டு இருந்தது, கப்பல்காரங்க அதை அடையாளமா வெச்சுத்தான் ஊரை கண்டுபிடிப்பாங்க, வெள்ளைக்காரங்க அதை சீன பகோடான்னு சொல்லுவாங்க. பக்கத்துல காலேஜ் நடத்துன ஏசு சபை பாதிரிமார் அதை இடிக்க அனுமதி கேட்டாங்க, 1867-ல அரசாங்கம் குடுத்துடுச்சு, இடிச்சாச்சு. இன்னிக்கு அதுக்கு படம் மட்டும்தான் மிச்சம்.

இது வரைக்கும் உள்ளூர் வரலாறு. இப்ப இந்த ஊர்ல பௌத்த விஹாரம் யார் கட்டினாங்கன்னு கேட்டா கதை நேரா சுமத்ராவுக்கு போயிடும். ராஜராஜ சோழன் காலத்துல அங்க இருந்த ஸ்ரீவிஜயம்ங்கற அரசோட ராஜா தன்னோட அப்பா பேர்ல சூடாமணி விஹாரம்னு நாகப்பட்டினத்துல கட்ட, சைவனான ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம்ங்கற கிராமத்தை எழுதி வெக்கிறான். அந்த தானத்தை சொல்ற செப்பேடு 21 ஏடு, 5 ஏடு சமஸ்கிருதம், 16 ஏடு தமிழ். டச்சுக்காரங்க காலத்துல அது நெதர்லாந்துல லைடன்ங்கற ஊருக்கு போய் நம்ம ஊர் பேரை தொலைச்சுட்டு லைடன் செப்பேடுன்னே பேர் வாங்கிடுச்சு. வேடிக்கை என்னன்னா அதே ஸ்ரீவிஜயம் மேலதான் ராஜராஜன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்குல கப்பல் படை அனுப்புறான். அப்பா நிலம் குடுத்த நாடு, பிள்ளை படை அனுப்பின நாடு, இதுக்கு நடுவுல வியாபாரம் எப்படி ஓடுச்சுன்னு ஒரு நல்ல பேச்சாளர் எடுத்துக்கிட்டா ஒன்றரை மணி நேரம் போறதே தெரியாது.

இன்னும் ஒண்ணு இருக்கு. நாகப்பட்டினத்து புத்தர்ல ஒண்ணு இப்ப நியூயார்க் ஏசியா சொசைட்டி மியூசியத்துல இருக்கு, அதோட பீடத்துல தமிழ்ல எழுதியிருக்கு. ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியில இருக்குற அக்கசாலைப் பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலுக்கு, திருவிழால எழுந்தருள பண்ண, சிறுதவூர்காரர் ஒருத்தர் செஞ்சு வெச்சதுன்னு வருது. கவனிச்சீங்களா, இங்க ஆழ்வார்னு சொல்றது புத்தரை, பள்ளின்னு சொல்றது பௌத்த மடத்தை. அக்கசாலைன்னா பொன் வேலை உலோக வேலை செய்யுறவங்க பட்டறை. ஆக கம்மியர் கூட்டத்துக்கு ஒரு பள்ளி, அங்க புத்தர் நம்ம கோயில் உற்சவர் மாதிரி வீதி உலா போயிருக்கார். நியூயார்க்ல இதை உலக கலாச்சாரம்னு போட்டு லெக்சர் வெப்பாங்க, எழும்பூர்ல வெச்சா உள்ளூர் வரலாறு. பொருள் ஒண்ணுதான்.

அமராவதி கேலரியும் இதே கதைதான், கொஞ்சம் கசப்பு கூட. ஆந்திராவுல கிருஷ்ணா நதிக்கரையில ஒரு பௌத்த ஸ்தூபம், 1797-ல காலின் மெக்கன்சிங்கற கம்பெனி அதிகாரி முதல்ல பாத்தப்ப உள்ளூர் ஜமீன்தார் ஆளுங்க கட்டட வேலைக்கு கல் எடுத்துட்டு இருந்தாங்க. 1845-ல வால்டர் எலியட்னு இன்னொரு அதிகாரி தோண்டி கல்லுங்களை மெட்ராசுக்கு அனுப்புறார், இங்க அதுங்க வெயில்லயும் மழையிலயும் கெடந்து, 1859-ல பெரும்பகுதியை லண்டனுக்கு கப்பல் ஏத்துறாங்க, அங்கயும் ரொம்ப வருஷம் சரியான எடம் இல்லாம அலைஞ்சு 1880-ல பிரிட்டிஷ் மியூசியம் போய் சேருது. அதுக்கப்புறம் தோண்டினதுல வந்த கல்லுங்கதான் எழும்பூர்ல நீங்க பாக்குறதுல நிறைய. அதையும் அந்த காலத்துல சுவத்துலயே வெச்சு பூசிட்டாங்க. சுவத்துல பதிச்சா பின்பக்கம் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, உப்பு ஏறி கல் பொரியுறது வேற. லண்டன்ல இருக்குற ஒரு பலகைக்கல்லுல ஒரு பக்கம் போதி மரமும் ஆள் இல்லாத ஆசனமும் மட்டும் செதுக்கியிருக்கு, புத்தரை உருவமா காட்டாத காலம் அது, பல நூறு வருஷம் கழிச்சு அதே கல்லை திருப்பி மறுபக்கத்துல முழு ஸ்தூபத்தையும் செதுக்கியிருக்காங்க. ஒரே கல், ரெண்டு காலம். இதை படத்தோட காட்டி ஒருத்தர் விளக்கினாருன்னா அன்னிக்கு டிராபிக்ல நின்னு வந்த அலுப்பு எல்லாம் தீர்ந்துடும்.

நாகப்பட்டினம் கோபுரத்தை பத்தி விவரமா எழுதி வெச்சவரும் இதே வால்டர் எலியட்தான். இந்த ஆளுங்களை எப்படி எடை போடுறதுன்னு எனக்கு இன்னமும் ஒரு முடிவுக்கு வர முடியல. அவங்க இல்லன்னா பாதி போயிருக்கும், அவங்களால மீதி பாதி கப்பல் ஏறிடுச்சு.

காசு பிடிக்கும்னா ரோமானிய காசு லெக்சர் எதுவும் விடாதீங்க. புதுக்கோட்டை சமஸ்தானத்துல 1898-ல ஒரு புதையல், 501 தங்க காசு, எல்லாம் ரோம் சக்கரவர்த்திங்க தலை போட்டது. அதுல பத்துல ஒம்போது காசுக்கு மேல சக்கரவர்த்தி முகத்துக்கு குறுக்க உளி வெச்சு ஒரு வெட்டு வெட்டியிருக்கு. யார் வெட்டினா, எதுக்கு? தங்கம்தானா, உள்ள வேற உலோகம் இருக்கான்னு பாக்க வெட்டினாங்கன்னு ஒரு கட்சி, இது இனிமே காசு இல்ல, வெறும் தங்கத்துண்டுதான்னு செல்லாம ஆக்க வெட்டினாங்கன்னு ஒரு கட்சி. பேசுறவர் ஏதோ ஒண்ணை மட்டும் சொல்லிட்டு போயிட்டார்னா கையை தூக்கி இன்னொண்ணை கேளுங்க, அங்கதான் அவர் சரக்கு தெரியும். அந்த காசுங்கள்ல கணிசமானது பிரிட்டிஷ் மியூசியம் போச்சு. இதோட இன்னொரு முனை எகிப்துல இருக்கு, செங்கடல் கரையில பெரனிகே துறைமுகத்துல ஒரு கோயிலுக்குள்ள இந்திய ஜாடியில ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைச்சது, அதே கரையில இன்னொரு துறைமுகமான குசேர்ல பானை ஓட்டுல தமிழ் பிராமிங்கற பழைய தமிழ் எழுத்துல பேர் கீறியிருக்கு. வியன்னாவுல ஒரு பாபிரஸ், அதாவது எகிப்து நாணல் தாள் இருக்கு, கேரள கரையில இருந்த பழைய துறைமுகம் முசிறியோட நடந்த வியாபாரத்துக்கு போட்ட கடன் பத்திரம், பின்பக்கத்துல ஹெர்மபோலன்ங்கற கப்பல்ல வந்த சரக்கு கணக்கு. உலக கலாச்சாரம் வரிசையில எகிப்து பத்தி லெக்சர்னு போட்டிருந்தா நமக்கு என்னன்னு விட்டுடாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

தாமிரபரணிக் கரையில பழைய தாழிகள் கிடைச்ச ஆதிச்சநல்லூரும் அப்படித்தான், 1876-ல யாகோர்னு பெர்லின்காரர் ஒருத்தர் வந்து தோண்டி ஒரு மூட்டை பெர்லினுக்கு எடுத்துட்டு போறார், அப்புறம் தொல்லியல் துறை அலெக்சாண்டர் ரீ தோண்டினது எழும்பூர் வந்துச்சு. பல்லாவரத்துல 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற நிலவியல்காரர் ஒரு சரளைக் குழியில கல் கோடாரியை எடுத்தாரே, அவர் சேகரிப்பையும் 1904-ல மெட்ராஸ் அரசாங்கம் விலைக்கு வாங்கி இங்கதான் வெச்சது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துல அதே மாதிரி கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011-ல வயசு போட்டாங்க. வரலாற்றுக்கு முந்தைய கால லெக்சர் எல்லாம் வறட்டுத்தனமா இருக்கும்னு நினைப்பு உண்டு, உண்மைதான், பல சமயம் கல்லு கல்லா ஸ்லைடு போகும், ஆனா வயசு எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு விளக்குறவர் அமைஞ்சா நல்லா இருக்கும். பொண்ணு சயின்ஸ் படிக்கிறாள்னா அவளுக்கு இதுதான் சரியான ஆரம்பம்.

இப்ப கொஞ்சம் சங்கடமான பக்கம். உலக கலாச்சாரம், பழங்குடி வாழ்க்கைன்னு தலைப்பு போட்டா அங்க யார் யாரை பாத்து பேசுறாங்கன்னு ஒரு கேள்வி வரும். எழும்பூர் மியூசியத்துக்கு 1885-ல இருந்து 1908 வரைக்கும் எட்கர் தர்ஸ்டன்தான் தலைமை. தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி எழுதினவர், மூக்கு அகலம், மண்டை நீளம்னு மனுஷங்களை கருவி வெச்சு அளந்துட்டே ஊர் ஊரா போனவர். வயநாட்டுல பணியர் பொண்ணுங்க அவரை பாத்து பயந்துட்டாங்களாம், தங்கள்ல நல்லா இருக்குறவங்களை பிடிச்சுட்டு போய் பஞ்சு அடைச்சு மெட்ராஸ் மியூசியத்துல வெக்க போறாருன்னு. இதை அவரே சிரிப்பா எழுதி வெச்சிருக்கார். எனக்கு சிரிப்பு வரல, புலியையும் மானையும் பஞ்சு அடைச்சு வெச்சிருந்த கட்டடத்துல இருந்து வர்ற ஒரு ஆள் வந்து மூக்கை அளந்தா வேற என்ன நினைப்பாங்க? மானிடவியல் கேலரியில நிக்கிற மாதிரி உருவங்களை பாக்கும்போது இந்த கதை ஞாபகத்துல இருக்கணும். நல்ல பேச்சாளர் இதை மறைக்க மாட்டார். அந்த மக்கள்லயே ஒருத்தர் மேடை ஏறி பேசுற லெக்சர்னா நான் மத்ததை எல்லாம் தள்ளி வெச்சுட்டு அதுக்குத்தான் போவேன், அபூர்வமா நடக்குது.

அந்த மியூசியத்து மேல ஜனங்களுக்கு எப்பவுமே ஒரு நக்கல் உண்டு, செத்த காலேஜ்னு பேர் வெச்சாங்க, விலங்குகாட்சி சாலை உயிர் காலேஜ். ரெண்டுமே ஒரே எடத்துல பொறந்ததுதான். 1851-ல மியூசியத்தை ஆரம்பிச்ச டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் கூட்டம் வரணும்னு உயிரோட புலி, சிறுத்தை எல்லாம் கொண்டு வந்து வெச்சார், கூட்டம் அலை மோதுச்சு, அப்புறம் 1860கள்ல அதெல்லாம் பீப்பிள்ஸ் பார்க்குங்கற பூங்காவுக்கு போனது. கூட்டம் சேர்க்குறது அன்னிலேர்ந்தே மியூசியத்துக்கு தலைவலிதான், இன்னிக்கு புலிக்கு பதிலா லெக்சர்.

உலகம் இங்க வந்த மாதிரி இங்கேர்ந்து உலகத்துக்கு போனதும் உண்டு. பாரிஸ்ல சிற்பி ரோதேன் நடராஜரை பத்தி உருகி உருகி எழுதினது எழும்பூர் நடராஜர் போட்டோவை பாத்துத்தான், திருவாலங்காட்டு நடராஜர் அதுல ஒண்ணு. 1913-ல எழுதினது, 1921-ல வெளிவந்தது. அவர் நேர்ல பாத்ததே இல்ல. நீங்க மின்சார ரயில் ஏறினா பாக்கலாம்.

சரி, எப்படி போறதுன்னு கேட்டா, லெக்சருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் அந்த பொருளை கேலரியில பாத்துடுங்க. புரியலன்னாலும் பரவாயில்ல, கண்ணுல பட்டிருக்கணும், அப்பத்தான் ஸ்லைடுல வரும்போது எவ்வளவு பெருசு, என்ன நிறம்னு தெரியும். ஸ்லைடுல எல்லா சிலையும் ஒரே சைஸ்தான், ஒரு சாண் உசரத்து புத்தரும் அதை விட பல மடங்கு பெரிய நடராஜரும் திரையில ஒண்ணாத்தான் தெரியும், இது ரொம்ப பெரிய ஏமாத்து. முடிஞ்சா லெக்சர் முடிஞ்சு இன்னொரு தடவை பாருங்க, ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு கேலரியை பூட்டிடுவாங்க, அதனால பெரும்பாலும் அது வேற ஒரு நாள் வேலையாத்தான் இருக்கும்.

கேக்கும்போது மூணு விஷயம் காதுல விழுதான்னு பாருங்க, இது எங்க கிடைச்சது, காலம் எப்படி கணிச்சாங்க, கூட கிடைச்ச மத்ததெல்லாம் எங்க. வெண்கல சிலைக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நிறைய சிலைங்க வீடு கட்ட கடக்கால் தோண்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ கிடைச்சு, 1878-ல போட்ட புதையல் சட்டப்படி தாசில்தார், கலெக்டர் வழியா மியூசியத்துக்கு வந்தது. எந்த வயல்ல, எத்தனை சிலையோட, எந்த கோயிலுக்கு பக்கத்துலன்னு பதிவேட்டுல இருக்கும். அந்த தகவலை தேடி எடுத்துட்டு வர்றவர் உழைச்சிருக்கார்னு அர்த்தம். அழகு, நளினம், தெய்வீகம்னே பேசிட்டு போறவர் உழைக்கல. இது கொஞ்சம் கறாரா தோணலாம், ஆனா சிலை அழகா இருக்குன்னு சொல்ல நம்ம கண்ணே போதுமே.

கேள்வி நேரத்துல ஒருத்தர் எழுந்து கேள்வியே இல்லாம பத்து நிமிஷம் தன்னோட லெக்சரை குடுப்பார், எல்லா ஊர்லயும் ஒருத்தர் உண்டு, அவரை பொறுத்துக்கணும். அதே மாதிரி எதை பத்தி பேசினாலும் இதுதான் உலகத்துலயே முதல்னு முடிக்கிற பேச்சாளர்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. கீழடியை பத்தி அளந்து பேசினாலே போதுமான அளவு பெருமை இருக்கு, கூட்டி சொல்ல வேண்டியதில்ல.

எழும்பூரை மட்டுமே நம்பி இருக்காதீங்க. சென்னையில தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை மாசாமாசம் நடத்துற பேச்சுகள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துல நடக்குற சொற்பொழிவுகள், ஆகஸ்ட்ல மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஊர் பூரா நடக்குற கூட்டங்கள்னு நிறைய இருக்கு, பலது இலவசம், ரெக்கார்டிங்கும் யூடியூப்ல கிடைக்கும். வெளியூர்னா மாவட்ட மியூசியத்துல கேட்டு பாருங்க, புதுக்கோட்டையில திருக்கோகர்ணத்துல இருக்குற மியூசியம் மாதிரி இடங்கள்ல கூட்டம் கம்மி, காப்பாட்சியர்கிட்ட நேர்லயே உக்காந்து பேச முடியும், அது பாதி நாள் லெக்சரை விட மேல்.

பொண்ணை பத்தி. கூட்டிட்டு போங்க, ஆனா பக்கத்துல உக்கார வெச்சு இடையிடையே விளக்காதீங்க. முதல் தடவை நான் சொன்ன நாகப்பட்டினம் புத்தரையோ வெட்டுப்பட்ட காசையோ பத்தின பேச்சு ஏதாவது யூடியூப்ல இருந்தா வீட்டுல பத்து நிமிஷம் போட்டு காட்டுங்க, அவளுக்கே கேள்வி வந்தா நேர்ல போறது சுலபம். வரலன்னா கேலரிக்கு மட்டும் போயிட்டு கன்னிமாரா நூலகத்தையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, அதே வளாகம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க, மியூசியத்துக்கு வார லீவு.